ஒரு பக்கம் சரிந்த புனல்

வட்டக்கச்சியில் நாங்கள் இருந்த காலத்தில், வாய்க்கால் கரையோரம் என் கையால் செய்த புனல் இல்லாத வீடு குறைவு. கறுத்த புனல். மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கென்றே செய்தது. அதில் ஒரு குறை இருந்தது. போத்தல் வாயில் வைத்தால் நேரே நிற்காது, ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். கவனிக்காமல் ஊற்றினால் எண்ணெய் விளிம்பால் வழிந்து நிலத்துக்குப் போகும். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் நிலத்துக்குப் போவதைப் பார்த்த மனுசரின் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே உதுகளைச் செய்யிறனீங்கள்?" என்று பங்கீடு கொடுக்கிற சங்கக்கடை வரிசையில் நின்ற ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள். நானும் விடவில்லை. "உன்ர போத்தலுக்குத்தான் வாய் கோணல்" என்று திருப்பிக் கொடுத்தேன். வரிசை முழுதும் சிரித்தது. வீட்டுக்கு வந்து இன்னொரு புனலைக் கவனமாகச் செய்து பார்த்தேன். அதுவும் சரிந்துதான் நின்றது.

அந்தப் புனல்கள் எல்லாம் இசைத்தட்டுகள். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே இசைத்தட்டின் விற்காத பிரதிகள். என் கணவர் சொந்தமாக வெளியிட்ட முதல் தட்டு, கடைசித் தட்டும் அதுதான்.

இடம்பெயருமுன் மாங்குளம் சந்தியில் எங்களுக்கு ஒரு றெக்கோட் கடை இருந்தது. கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் ஒலிபெருக்கியும் தட்டுகளும் எங்களிடமிருந்துதான் வாடகைக்குப் போகும். ஊரெல்லாம் கசற்றுக்கு மாறிய பிறகும் இவர் மாறவில்லை. "கசற் எண்டால் நாடா. நாடா எண்டால் ஒருநாள் சிக்கும்" என்பார். தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குச் சரித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பார்வையில் கால்வாசியை என் பக்கம் திருப்பியிருந்தால் எனக்கு இந்த வாய் வளர்ந்திருக்காது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது இந்தியச் சினிமாப் பாட்டு. இவருக்கும் அது பிடிக்கும், ஆனால் எரிச்சலும் வரும். "இந்தச் சந்தியால எத்தினை பாட்டுக்காரர் போகினம் வருகினம். ஒருத்தற்ர குரலாவது தட்டில இருக்கே?" என்று கேட்பார்.

"உங்கட குரலைப் போடுங்கோவன். கடைக்கு ஆக்கள் வாற கரைச்சல் இல்லாமல் போகும்" என்பேன்.

சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒருநாள் தன் சொந்த இசைத்தட்டுக் கொம்பனியைத் தொடங்கியும் விட்டார். கொம்பனி என்றால் கட்டிடமும் ஆட்களும் இல்லை. ஒரு பெயர். தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்துக்கு ஒரு பாலைமரப் படம். சென்னையில் தட்டு அச்சடிக்கிற இடத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாலைமரப் படத்தைக் கீறிக் கொண்டுவந்த நாளில் அவர் மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனார்.

பாடுவதற்கு அவர் பிடித்துவந்தது ஒரு மலையகத்துப் பெண்ணை. தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. மாங்குளத்துக்கு அங்கால் வயல்களில் நாற்று நடக் கூலிக்குப் போவாள். இவர் சைக்கிளில் போகும்போது அவள் பாடுவதைக் கேட்டு, வரம்பில் இறங்கி, நடவு முடியும் வரைக்கும் வெயிலில் நின்றிருக்கிறார். வயலில் நின்ற மற்றப் பெண்கள் இவரை வட்டி வாங்க வந்த ஆள் என்று நினைத்தார்களாம்.

பள்ளிக்கூட அறை ஒன்றில் கதவு யன்னலை எல்லாம் சாத்தி, சாக்குத் தொங்கவிட்டு, பெரிய சில்லு நாடா மிசினில் பதிந்தார்கள். வாத்தியம் என்று உடுக்கு மட்டும். ஒரு பக்கத்துக்கு நடவுப் பாட்டு. மற்றப் பக்கத்துக்கு அவளுடைய அம்மா தோட்டத்து லயன் வீட்டில் பாடிய தாலாட்டு. அவளும் அதைத்தான் தன் மகளுக்குப் பாடி வளர்த்தவள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது அவள் வாசல் படியில் குந்தியிருந்தாள். "வயல்ல பாடுனா வேல ஓடும் அக்கா. இங்க ரூமுக்குள்ள பாடச் சொன்னா சிரிப்புத்தான் வருது" என்றாள். பயம் இருந்ததாகத் தெரியவில்லை. இவர் காதில் மாட்டுகிற கருவியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "கம்பி இழுத்த மாதிரி நிக்குதப்பா குரல்" என்று சொன்னார். அதை அன்று பலதரம் சொன்னார். நாடா சென்னைக்குப் போனது. திரும்பி வரவில்லை. தட்டுகள்தான் வந்தன, சணல் கயிறு கட்டிய பெட்டிகளில்.

கடையில் சனம் கூடி நிற்க முதல் தட்டின் தாலாட்டுப் பக்கத்தைப் போட்டார். உடுக்கு நன்றாகத்தான் தொடங்கியது. தாலாட்டு வந்ததும் குரல் அசையத் தொடங்கியது. மேலே போகிறது, கீழே வருகிறது, மறுபடி மேலே போகிறது. இழுத்துப் பாடும் இடமெல்லாம் ஊஞ்சல். நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருவர், "தோட்டத்தாக்களுக்கு உது எங்க சரிவரும்?" என்றார். யாரோ சிரித்தார்கள். இவர் இன்னொரு தட்டை எடுத்துப் போட்டார். அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. ஊசி பூட்டியிருக்கிற கை இடமும் வலமும் ஆடியதை அவரும் கண்டிருப்பார். ஆனால் வாடகைக்குப் போய் வெயிலில் கிடந்து வந்த எங்கள் தட்டுகளில் எதுதான் ஆடாமல் சுற்றியது? பள்ளிக்கூடத்தில் தன் காதால் கேட்டதையும் ஆசையில் கேட்டது என்று தள்ளிவிட்டார். அவருடைய கணக்கு வேறு. "ஒரு தட்டெண்டால் தட்டில பிழை. எல்லாத் தட்டும் எண்டால் பாடினவவிலதானே பிழை?" அந்தக் கணக்கு எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு யாழ்ப்பாணத்துச் சங்கீத ஆசிரியை பாடியிருந்தால் இவ்வளவு கெதியில் சரியாகப் பட்டிருக்குமோ தெரியாது.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நேரே சொல்லிவிட்டு வந்தார். "சுருதி நிக்கேல்லைப் பிள்ளை. உனக்குப் பழக்கமில்லைத்தானே, அதுதான்" என்று பதமாகச் சொன்னாராம். அவள் தனக்கு ஒரு தட்டுக் கேட்டிருக்கிறாள். "பிறகு தாறன்" என்றிருக்கிறார். கொடுக்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நினைத்தாராம். மனிதருக்கு இரக்கம் வந்தால் இப்படித்தான் எங்கேயாவது போய் முட்டும். கொம்பனி அதோடு சரி. பெட்டிகள் கடைக்குப் பின்னால் போய்விட்டன.

பிறகு சண்டை சந்திக்கே வந்தது. உழவு மிசின் ஒன்றில் ஏறி வட்டக்கச்சிக்கு ஓடினோம். நான் ஆட்டுக்கல்லை ஏற்றச் சொன்னேன். இவர் தட்டுப் பெட்டிகளை ஏற்றினார். வாடகைத் தட்டுகளை ஏற்றினாலும் ஒரு நியாயம் இருக்கிறது. விற்காத பாலைமரப் பெட்டிகளையும் ஏற்றினார். வழிநெடுக நான் அவரோடு கதைக்கவில்லை. வந்து இறங்கிய பிறகு அதையும் சேர்த்துக் கதைத்தேன். "தோசைக்கு என்னத்தில அரைக்கிறது, உங்கட தட்டிலயோ?" என்று கேட்டேன். மனிதர் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி, மேலே ஓலைப்பாயைப் போட்டு மூடினார்.

வட்டக்கச்சியில் மின்சாரம் இல்லை. பற்றறி தடை. சவர்க்காரம் தடை. மண்ணெண்ணெய் பங்கீட்டில் கிடைத்தால் உண்டு. விளக்கென்றால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு. மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, பின்னால் போகிறவருக்குக் கண் எரியும். ஒரு சொட்டையும் சிந்தாமல் ஊற்ற வேண்டும். புனல்தான் இல்லை. பிளாஸ்ரிக் சாமான் எதுவும் உள்ளே வராது.

புனல் கிடைத்தது என் கோபத்தால். ஒரு நாள் சோற்றுப் பானைக்கு மூடி இல்லை. பாயைத் தூக்கி, பாலைமரத் தட்டு ஒன்றை எடுத்துப் பானை வாயில் போட்டேன். "ஏதோ ஒண்டுக்காவது உதவட்டும்" என்று அவருக்குக் கேட்கத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்தால், ஆவியில் தட்டு இளகிப் பானைக்குள் தொய்ந்து கிடந்தது. எடுத்து நிமிர்த்தினேன். அச்சாப் புனல். ஓட்டையும் கொம்பனியே போட்டுத் தந்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

பிறகு முறையாகச் செய்யத் தொடங்கினேன். சுடுதண்ணீரில் தட்டை விட்டு, நடுக் காகிதம் ஊறிக் கழன்றதும், கிண்ணம் ஒன்றுக்குள் வைத்துத் துணியால் அமர்த்திப் பிடிப்பேன். ஆறினால் புனல். கத்தரிக்காய், பயறு, சில நேரம் வாய்க்கால் மீன் என்று அதற்கு மாற்றாக வரும். இவரிடம் ஒரு சொல் கேட்டேன், கேட்காமலா? "வாடகைத் தட்டுகளைத் தொடாதையும். மற்றதை என்னவெண்டாலும் செய்யும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கணம் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் கத்தரிக்காயும் வேண்டுமே.

எல்லாப் புனலும் ஒரே மாதிரிச் சரிந்தன. கிண்ணத்தை மாற்றிப் பார்த்தேன். பிடிக்கிற கையை மாற்றிப் பார்த்தேன். இவர், "உம்மட கைக்கு எல்லாம் கொஞ்சம் கோணலாத்தான் வரும்" என்று நக்கலடித்தார். என் தோசையையும் அதில் சேர்த்துத்தான் சொன்னார். பெட்டிகள் வெறுமையாகும் வரைக்கும் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டிருந்தேன்.

சில வருசங்கள் போன பிறகு, ஒரு காலை நேரம் வேலிப் படலையில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் வெள்ளை விழுந்திருந்தது. நான் சங்கக்கடையில் பலமுறை கண்ட முகம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் இருக்கிறவள் என்று மட்டும் தெரியும். "அக்கா, அண்ணே இருக்காங்களா?" என்றாள். அந்தக் குரலில்தான் ஆளைப் பிடித்தேன். பாட்டுக்காரி. அவர்களும் இடம்பெயர்ந்து இங்கேதான் வந்திருக்கிறார்கள். இவ்வளவு காலமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் அள்ளியிருக்கிறோம்.

இவர் குசினிப் பக்கமிருந்து வந்து அவளைக் கண்டதும் சட்டையைத் தேடினார். கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"மகளுக்குக் கொழந்த பொறந்திருக்குங்க. ராப்பகலா அழுவுது. மக என்னயப் பாடச் சொல்றா. எனக்குப் பாடுனியே, அதப் பாடும்மான்னு ஒரே பிடிவாதம். நான் மாட்டேன்னுட்டேன். அதுக்கு அவ எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறது இல்ல."

"ஏன் பாடமாட்டாய்?" என்று கேட்டேன்.

"அண்ணே சொன்னாங்கள்ல, சுருதி நிக்கலன்னு. அன்னைலேருந்து வாயத் தொறக்கல அக்கா. நடவுக்குப் போனாலும் மத்தவங்க பாடுவாங்க, நான் பாடாம நட்டுட்டு வந்துருவேன்." அவள் இவரைப் பார்த்தாள். "அந்தத் தட்ட ஒரே ஒரு வாட்டி போட்டுக் காட்டுங்க அண்ணே. நான் எவ்வளவு கெடுத்து வச்சிருக்கேன்னு எங்காதால கேக்கணும். அவ்வளவு மோசம்னா மகக்கிட்ட முடியாதுன்னு சொல்லிருவேன். இல்லன்னா பாடிட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்ல?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரோரம் கிடந்த வெறும் பெட்டிகளைப் பார்த்தேன். கேட்கிறவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"தட்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாத்தையும் நான் புனலாக்கிப் போட்டன்."

அவளுக்கு விளங்கவில்லை. குசினிக்குள் போய் என் புனலைக் கொண்டுவந்து காட்டினேன். அது அடுப்புக்கு அருகில் கிடந்து விளிம்பு கருகியது, ஒன்றுக்கும் உதவாது. அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுலயும் இருக்கே."

"ஓம். அதுதான் உன்ர தட்டு."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. "நான் எம் பாட்டுக்குள்ளயா இத்தன நாளா எண்ண ஊத்திக்கிட்டு இருந்தேன்?" என்றாள். பிறகு விறுவிறு என்று போய்த் தன் வீட்டுப் புனலைக் கொண்டுவந்தாள். கழுவிக் கொண்டுவந்திருந்தாள். மண்ணெண்ணெய் மணம் போகவில்லை.

நான் தண்ணீர் கொதிக்க வைத்தேன். இளக வைத்துக் கையால் தட்டி நேராக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் புனலைத் தண்ணீருக்குள் விட்டதும் யாரும் தொடாமலே அது மெல்ல விரிந்தது. விரிந்து விரிந்து, தட்டாகவே ஆகிவிட்டது. நாங்கள் மூவரும் பானைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். "ஐயோ, இதுக்குத் தன்ர பழைய உருவம் ஞாபகம் இருக்கப்பா" என்றார் இவர். எடுத்து இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஆறவிட்டோம். ஆட்டுக்கல்லாக இருந்தால் இன்னும் நல்லாக அமர்த்தியிருக்கும் என்று சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். இவர் தெரிந்த ஒருவரின் உழவு மிசினிலிருந்து பற்றறியைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தார். கொடுத்தவருக்கு மாலைக்குள் வேண்டுமாம். பெட்டியை முற்றத்தில் மாமர நிழலில் வைத்தார். பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி, வயரைப் பூட்டி, தட்டைப் போட்டார். சுற்றியது.

முதலில் இரைச்சல். அடுப்பில் பச்சை விறகு எரிகிற சத்தம். பிறகு உடுக்கு. பிறகு அவளுடைய குரல், இளமையாக. தாலாட்டுப் பக்கம்தான் மேலே வந்திருந்தது. பழையபடியே ஊஞ்சலாடியது. மேலே, கீழே, மேலே, கீழே. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. போதும், நிப்பாட்டுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இது நான் பாடுனது இல்லீங்க" என்றாள் அவள்.

இவர் தலை நிமிர்ந்தார். "குரல் உன்ரதானே பிள்ளை?"

"கொரல் என்னோடதுதான். பாட்டு இப்படி இல்ல. எங்கம்மா இப்படிப் பாடல, நானும் இப்படிப் பாடல." சொல்லிக்கொண்டே அவள் பாடத் தொடங்கினாள். வருசக்கணக்காகத் திறக்காத குரல் முதலில் கரகரத்தது. ஒருமுறை செருமினாள். பிறகு நின்றுவிட்டது, ஒரே இடத்தில். தட்டிலிருந்த குரல் அவளிடம் வந்து சேர்வதும் விலகிப் போவதுமாக இருந்தது. இவள் அசையவில்லை. தட்டுத்தான் அசைந்தது.

நான் ஊசிக் கையைப் பார்த்தேன். அது இடப்பக்கம் போகும்போது குரல் ஒரு பக்கம் போகிறது, வலப்பக்கம் வரும்போது மறுபக்கம் வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஆட்டம். எனக்குப் புனல் ஞாபகம் வந்தது. எல்லாப் புனலும் ஒரே மாதிரிச் சரிந்தது ஞாபகம் வந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "இஞ்சாருங்கோ, தட்டை எடுங்கோ. ஓட்டையைப் பாருங்கோ."

காகிதம் கழன்ற தட்டில் கோடுகள் முடிகிற வட்டம் வடிவாகத் தெரிந்தது. ஓட்டை அந்த வட்டத்துக்கு நடுவில் இல்லை. ஒரு பக்கம் மூன்று விரல் அகலம், மறுபக்கம் அதைவிடக் குறைவு. பாலைமரப் படத்தை ஓட்டைக்கு நேராக ஒட்டியிருந்ததால் முன்பு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அச்சடித்த இடத்தில் யாரோ அச்சைக் கோணலாகப் பூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி ஆடியது.

"என்ர கையில பிழையெண்டீங்கள்" என்றேன் இவரிடம். "என்ர தோசையையும் சேர்த்துச் சொன்னீங்கள்."

அவர் உள்ளே போய் அரத்தை எடுத்துவந்தார். ஓட்டையை அரைத்துப் பெரிதாக்கினார். தட்டை மறுபடி வைத்து, ஊசியைப் போடாமல் சுற்றவிட்டு, கோடுகள் ஆடாமல் நிற்கும் வரைக்கும் விரலால் தட்டித் தட்டி நகர்த்தினார். நான் நிவாரண மாவைப் பிசைந்து கொடுத்தேன். அதை ஓட்டைக்குள் அமர்த்தி, தட்டை அசையாமல் பிடிக்கச் செய்தார். பிறகு ஊசியை வைத்தார்.

குரல் நின்றது. இரைச்சலுக்கும் வெடிப்புக்கும் நடுவில், தொடக்கத்திலிருந்து கடைசி இழுப்பு வரைக்கும் ஒரு இடத்திலும் நழுவவில்லை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவர் சொன்னது அப்படியே சரி. நான் இசை தெரிந்தவள் இல்லை, ஆனாலும் எனக்கே அது விளங்கியது. இவர் குந்தியிருந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் முடியும் வரைக்கும் கேட்டாள். கண் கலங்கவில்லை. முடிந்ததும் அவளுக்கு வந்தது கோபம்.

"அன்னைக்கே ஒரு தட்டு எங்கிட்டக் குடுத்திருந்தா இது தெரிஞ்சிருக்கும்ல அண்ணே? எம் பாட்டு எனக்குத் தெரியாதா? எங்கயாச்சும் கெஞ்சிப் போட்டுக் கேட்டுட்டு, இது நான் இல்லன்னு அன்னைக்கே சொல்லிருப்பேன்ல? நீங்க மனசு நோகும்னு பாத்தீங்க. நான் வாயப் பொத்திக்கிட்டு நட்டேன், வாயப் பொத்திக்கிட்டு மகளக் கட்டிக் குடுத்தேன்."

இவர், "என்னில பிழைதான் பிள்ளை" என்றார்.

"பிழைதான்" என்றாள் அவள். அதற்கு மேல் அவரைத் தேற்ற அவள் முயலவில்லை. நானும் முயலவில்லை.

பற்றறிக்காரர் வந்து படலையில் சைக்கிள் மணி அடித்தார். இவர் தட்டைக் கவனமாக எடுத்து, தன் சட்டையால் துடைத்து, வாடகைத் தட்டு ஒன்றின் உறைக்குள் வைக்கப் போனார். உலகத்தில் அந்தப் பாட்டுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு தட்டுத்தான். மற்றப் புனல்களெல்லாம் இத்தனை வருசத்தில் எந்த அடுப்பில் உருகி, எந்த இடப்பெயர்வில் போய்த் தொலைந்தனவோ.

"அதக் குடுங்க அண்ணே" என்றாள் அவள்.

"இது இஞ்சயே பத்திரமா இருக்கட்டும் பிள்ளை. இனி இது ஒண்டுதான் இருக்கு."

"எனக்கு வீட்டுல புனல் அது ஒண்ணுதாங்க இருக்கு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இளகவில்லை. தட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன், அடுப்புத் தணலில் பானைத் தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மா உருண்டையைத் தோண்டி எடுத்து, தட்டைத் தண்ணீரில் விட்டு, கிண்ணத்துக்குள் வைத்து அமர்த்தினேன். ஓட்டையை இவர் நடுவுக்குத் திருத்தியிருந்ததால், போத்தலில் வைத்தபோது அது நேரே நின்றது. நான் செய்த புனல்களில் நேரே நின்றது அது மட்டும்தான். அவள் வாங்கிக்கொண்டு, "வாறேன் அக்கா" என்றாள். இவரிடம் சொல்லவில்லை. படலை வரைக்கும் போய்விட்டு, திரும்பி, "வாறேன் அண்ணே" என்றாள்.

இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் குடிசையிலிருந்து அவளுடைய குரல் கேட்டது. அதே தாலாட்டு. தாலாட்டுப் பாடுகிற மாதிரிப் பாடவில்லை, வயலில் பாடுகிற மாதிரி, எட்டு வீட்டுக்குக் கேட்கப் பாடினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. "மெதுவாப் பாடேம்மா, கொழந்த முழிச்சிட்டான்" என்று மகள் சத்தம் போட்டாள். அவள் நிறுத்தவில்லை. நான் தோய்த்து முடித்து, பிழிந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறிய பிறகும் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.